பட்டுத் தொழிலைக் காத்த பாஸ்டர்

வெறிநாய்க் கடிக்குத் தடுப்பு மருந்து கண்டவர் லூயி பாஸ்டர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அழிந்துகொண்டிருந்த ஒரு பெரிய தொழிலை அவர் மீட்டுத் தந்த கதை பலருக்குத் தெரியாது.

1822-ம் ஆண்டு பிரான்சில் தோல் பதனிடும் ஒருவரின் மகனாகப் பிறந்தார் பாஸ்டர். ரசாயனம் படித்துப் பேராசிரியரானார். 1857-ல் பாரிஸ் நகரில் பதவி கிடைத்தது. ஆராய்ச்சி செய்யத்தான் இடமில்லை. சர்க்கார் பணமில்லை என்று கைவிரித்தது. கூரையடியில் கிடந்த இரண்டு சிறு அறைகளைத் தம் சொந்தப் பணத்தில் சீர்செய்து வேலையைத் தொடங்கினார்.

புழுக்களைப் பிடித்த நோய்

அப்போது பிரான்சின் தென்பகுதியில் பட்டுப்புழுக்கள் கறுப்புப் புள்ளி விழுந்து கூட்டங் கூட்டமாக மடிந்தன. 1853-ல் 2 கோடியே 60 லட்சம் கிலோவாக இருந்த பட்டுக்கூடு விளைச்சல், 1865-ல் 40 லட்சம் கிலோவாகச் சுருங்கியது. குடியானவர்கள் தவித்தார்கள். சர்க்கார் பாஸ்டரை அனுப்பியது. அதுவரை அவர் ஒரு பட்டுப்புழுவைக்கூடத் தொட்டதில்லை!

அலெஸ் என்ற ஊரில் ஆராய்ச்சி தொடங்கியது. ஓராண்டுக்குள் தந்தையும் இரு பெண்களும் இறந்தனர். துக்கத்தை விழுங்கிக்கொண்டு உழைத்தார். முடிவில் அவர் கண்ட வழி எளியது. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நோய்க்கிருமி தெரிந்தால் அதன் முட்டைகளைக் கொளுத்திவிட வேண்டும். நல்ல முட்டைகளை மட்டும் வளர்க்க வேண்டும்.

நின்றுபோன கட்டடம்

விஞ்ஞானிகள் இருட்டறைகளில் வாடும் நிலையைக் கண்டித்து 1868-ல் ஒரு கட்டுரை எழுதினார். சர்க்கார் பத்திரிகை அதை வெளியிட மறுத்தது. ஆனால் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் விஞ்ஞானிகளை அழைத்துப் பேசினார். பாஸ்டருக்குப் புதிய ஆராய்ச்சிச் சாலை எழும்பத் தொடங்கியது.

அவ்வாண்டு அக்டோபரில் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வயது 45. இனிப் பிழைக்க மாட்டார் என்று கருதிக் கட்டட வேலையை நிறுத்திவிட்டார்கள். படுக்கையில் கிடந்தவருக்கு நோயைவிட அதுவே பெரிய வேதனையாயிற்று. செய்தி சக்கரவர்த்திக்கு எட்டியது. வேலை மீண்டும் நடந்தது. சில மாதங்களில் பாஸ்டர் காலை இழுத்துக்கொண்டே பட்டு விளையும் பூமிக்குத் திரும்பினார். அவர் காட்டிய வழியில் நடந்த பண்ணைகளில் மறுபடியும் லாபம் கிடைத்தது.

1874-ல் பிரெஞ்சு சட்டசபை அவருக்கு ஆண்டுக்கு 12,000 பிராங்க் மானியம் வழங்கியது. 1881-ல் ஆடுகளை மாய்க்கும் அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி போட்டுக் காட்டினார். 1895-ல் காலமானார்.

1870-ல் மூண்ட போரில் தோற்ற பிரான்சு, ஜெர்மனிக்கு 500 கோடி பிராங்க் தண்டம் கட்டியது. பாஸ்டரின் கண்டுபிடிப்புகளே அத்தொகையை ஈடுசெய்துவிட்டன என்று கணக்கிட்டார் ஆங்கிலேய விஞ்ஞானி ஹக்ஸ்லி. ஆராய்ச்சிக்கு இரண்டு அறை கொடுக்கவும் பணமில்லை என்ற நாட்டுக்குக் கிடைத்த வரவு அது!