ஒரே இரவில் மனம் மாறிய ஐடா அம்மையார்

வேலூர் ஆஸ்பத்திரியை அறியாதவர் இல்லை. அதைத் தோற்றுவித்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

அவர் அமெரிக்கர். ஆனால் பிறந்தது ராணிப்பேட்டையில். ஆண்டு 1870.

பாட்டனார் டாக்டர், பாதிரியாரும்கூட. தந்தையும் அப்படியே. ஊழியம் செய்வது அந்தக் குடும்பத்தின் வழக்கம். ஆனால் ஐடாவின் மனம் அதில் ஒட்டவில்லை.

சிறு வயதில் அவர் கொடிய பஞ்சத்தைக் கண்டார். பசித்த குழந்தைகளுக்குத் தம் கையாலேயே ரொட்டி ஊட்டினார். அந்தத் துன்பம் மீண்டும் வேண்டாம் என்று எண்ணினார். அமெரிக்காவில் படித்தார். அங்கேயே சுகமாக வாழ விரும்பினார். குடும்பத்தின் பெயர் அவரிடம் இருந்தது. அதன் தொண்டுள்ளம் இன்னும் வரவில்லை.

மூன்று உயிர்கள்

தாயாருக்கு உடல்நலம் இல்லை என்று அறிந்து, ஐடா திண்டிவனம் வந்தார். ஓர் இரவு மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர். ஒருவர் முஸ்லிம். இன்னொருவர் வேறு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்தனர்.

ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. டாக்டரான தந்தை வரத் தயாராக இருந்தார். ஆனால் அந்நிய ஆடவர் பெண்களைப் பார்க்கக் கூடாது என்பது அக்கால வழக்கம். மூவரும் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்!

ஐடா கலங்கினார். மனம் உருகி ஜெபம் செய்தார். டாக்டராகித் திரும்பி வருவதென்று உறுதி கொண்டார்.

மரத்தடி வைத்தியம்

சொன்னபடியே 1899-ல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூர் வந்தார். வீட்டிலேயே ஒரு கட்டிலுடன் வைத்தியம் தொடங்கினார். 1902-ல் 40 கட்டில்கள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது.

வர முடியாத ஏழைகளைத் தேடி அவரே போனார். குடியாத்தம் சாலையில் மரத்தடியில் அமர்ந்து புண்களைக் கழுவினார், மருந்து கொடுத்தார். சாதி, மதம் பார்க்கவில்லை.

1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் தேற மாட்டார்கள் என்று பலர் நினைத்தனர். ஆனால் முதல் தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினார்கள்!

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதம் கொடைக்கானலில் தமது 89-வது வயதில் மறைந்தார்.

பிறந்த வீடு ஒருவருக்கு மதத்தின் பெயரைத் தரலாம். கோவிலுக்குப் போகும் பழக்கத்தையும் தரலாம். பக்தியைத் தர முடியாது. அதை ஐடா அம்மையார் தாமே தேடிக்கொண்டார். பிறகு அறுபது ஆண்டுகள் அதைக் கைவிடவில்லை.