சிங்கப்பூரில் செங்கல் சுட்ட நாராயண பிள்ளை



பனையும் முள்ளும் செம்மணலும் மிகுந்த நம் இராதாபுரம் பகுதியில், வானம் பொய்க்குந்தோறும் ஆடவர் மூட்டை கட்டிப் புறப்படுதல் பழைய வழக்கம். கொழும்புக்கும் பம்பாய்க்கும் மலேயாவுக்கும் சென்றோர் நம் குடும்பங்களிற் பலர். அங்ஙனஞ் செல்வோனுக்குப் பொருளீட்டுதல் ஒன்றே கடமையோ? குடிபுகுந்த மண்ணுக்கும், பின்வரும் தன்னவர்க்கும் அவன் ஆற்றவேண்டுவது ஒன்றுமில்லையோ? இவ்வினாவிற்கு நாராயண பிள்ளையவர்களின் சரிதமே விடை கூறும்.

பிள்ளையவர்கள் பினாங்கில் ஆங்கிலக் கும்பினியாரிடம் எழுத்தராயிருந்தவர். 1819-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இராபிள்ஸ் துரை சிங்கப்பூரிற் கும்பினிக் கொடியை நாட்டினார். அவர் அவ்வாண்டு மே மாதத்தில் மீண்டும் ஆங்குச் சென்றபோது, 'இந்தியானா' என்னும் கப்பலில் பிள்ளையவர்களும் உடன் சென்றனர். அந்நாளில் அத்தீவு காடும் சதுப்பும் சில குடிசைகளுமாய்க் கிடந்தது. உற்றாரும் இல்லை, உறவின்முறையும் இல்லை.

தொடக்கத்தில் நாணய நோட்டம் பார்க்கும் வேலையே அவர்க்குக் கிடைத்தது. ஆயினும் அவர்தம் கண் காசோடு நின்றுவிடவில்லை. நாள்தோறும் மக்கள் வந்திறங்குகின்றனர். அவர்க்கு வீடும் கிடங்கும் வேண்டும். கட்டுதற்கோ செங்கல் இல்லை. இக்குறையை முன்னுணர்ந்த பிள்ளையவர்கள் தஞ்சோங் பாகார்ப் பக்கத்தில் செங்கற்சூளை அமைத்தனர். பினாங்கிற்குச் செய்தி விடுத்துக் கொத்தரையும் தச்சரையும் வரவழைத்தனர். இவ்வாறு அத்தீவின் முதல் இந்தியக் கட்டடக் காண்டிராக்டர் என்னும் பெயர் அவர்க்கு உரியதாயிற்று. தாம் ஒருவரே உண்ணாது, தொழிலறிந்த பலரையும் அழைத்து உடன் உண்பித்த திறம் எண்ணத்தக்கது.

பின்னர் ஐரோப்பிய வணிகரிடம் கடனாகத் துணி வாங்கிக் கடை நடத்தினார். 1822-ஆம் ஆண்டில், செங்கல் சுட்டவரின் கடையைத் தீச் சுட்டது. சரக்கு சாம்பலாயிற்று, கடன் மட்டும் எஞ்சியது. கப்பல்கள் வந்துபோகும் துறைமுகத்தில், இரவோடிரவாக ஓடிப்போதல் எத்துணை எளிது! அவர் அங்ஙனஞ் செய்திலர். கடன் கொடுத்தோரிடம் தவணை வேண்டினார். இராபிள்ஸ் துரையிடம் தம் நிலையைக் கூறி உதவி நாடினார். வணிகர் பொறுத்தனர், துரையும் இன்று இராபிள்ஸ் பிளேஸ் எனப்படும் வணிகச் சதுக்கத்தில் மனையிடம் அளித்தார். வணிகம் மீண்டும் தழைத்தது. பொருள் எரிந்தபோதும் நாணயம் எரியாதவனுக்கே இரண்டாம் முறை கை கொடுப்பார் உளர் என்பதை நம் இளைஞர் மறவாதிருப்பாராக.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியர்க்குத் தலைவராக அவரை இராபிள்ஸ் துரை நியமித்தார். தம்மவர்க்குள் எழும் வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பும் அவர்பால் வந்தது.

ஊரென ஒன்று அமைந்தால் கோயிலும் வேண்டுமன்றோ? தெலுக் ஆயரில் முதற்கண் தரப்பெற்ற இடத்தில் வழிபாட்டிற்கேற்ற நன்னீர் இல்லாமையால் அது கைவிடப்பட்டது. 1823-ஆம் ஆண்டில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் வாய்த்தது. 1827-ஆம் ஆண்டில் மரத்தாலும் ஓலையாலும் அமைந்த எளிய கோயில் ஆங்கு எழுந்தது. அதுவே இற்றைநாள் கோபுரத்துடன் விளங்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில். அக்கோயில் வழிபடுமிடமாக மட்டும் நின்றதில்லை. புதிதாய்க் கரையிறங்கியோர்க்கு வேலை கிடைக்குந்துணையும் தங்குமிடமாகவும் உதவியது. 1973-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசாங்கம் அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக்கியது. 2019-ஆம் ஆண்டில், இருநூறாண்டு நிறைவின்போது, பிள்ளையவர்களின் சிலையும் ஆற்றங்கரையில் வைக்கப்பெற்றது.

அன்பர்களே! பிள்ளையவர்கள் ஒரு குலத்தார்க்கு மட்டும் தலைவராய் நின்றாரல்லர். கடல்கடந்து வந்த கரையோரத்தார் அனைவர்க்கும் தலைவராய் நின்றார். நம் சங்கம் ஒரு குலத்தாரின் சங்கமே. எனினும் அதன் உதவி அவ்வெல்லையளவில் நின்றுவிடுதல் தகுமோ? வெளியூரில் நிலைபெற்ற நம்மவர், அடுத்த வண்டியில் வந்திறங்கும் ஏழைப்பிள்ளை எவனாயினும், அவனுக்கு ஒரு திண்ணையும் ஒரு தொழிலும் காட்டுவாராக. நாம் சென்ற இடத்தில் நாம் விட்டுச்செல்லும் செங்கல் அதுவே.