உலக முடிவுக்கு நாள் குறித்தார்... பொய்த்தும் சபை வளர்ந்தது எப்படி? யார் இந்த வில்லியம் மில்லர்?

ஓசூர்னு சொன்னதும் டைட்டன், அசோக் லேலண்ட், டிவிஎஸ்தான் ஞாபகம் வரும். இந்தியா, பூட்டான் உள்ளிட்ட நாடுகளின் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபைக்கும் தலைமை அலுவலகம் இங்கேதான். இந்தச் சபையின் வேரைத் தேடிப் போனால், சொன்ன நாளில் வராமல் போன ஓர் உலக முடிவு இருக்கிறது.

1782-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர் வில்லியம் மில்லர். விவசாயி. பிரிட்டனுக்கு எதிரான 1812 போரில் கேப்டன். கடவுள் உலகத்தைப் படைத்ததோடு சரி, அப்புறம் எதிலும் தலையிட மாட்டார் என நம்பியவர், போர் முடிந்து வந்ததும் பைபிளும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

தானியேல் புத்தகத்தில் வரும் 2,300 நாட்களை வருடங்களாக எடுத்துக்கொண்டு, கி.மு. 457-ல் இருந்து எண்ணினார். கணக்கு 1843-ல் வந்து நின்றது. அப்போது இயேசு திரும்பி வருவார், இந்த உலகம் முடியும்! 1818-லேயே இந்த முடிவுக்கு வந்தவர், ஊரறியப் பேசத் தொடங்கியது 1831-ல்தான். 13 வருடம் தயங்கியவரை வெறும் புரளி ஆசாமி என்று தள்ளிவிட முடியாது.

1843 போனது. 1844 மார்ச்சும் போனது. பிறகு சாமுவேல் ஸ்னோ என்ற பிரசாரகர் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்தார். மில்லர் அதைக் கடைசி நேரத்தில்தான் ஏற்றார். விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்டவர்கள், கடையை மூடியவர்கள் எல்லாம் காத்திருந்தார்கள். மறுநாள் வழக்கம்போல விடிந்தது.

அதோடு எல்லாம் முடிந்திருக்கணுமே?

பலர் விலகத்தான் செய்தார்கள். ஆனால் மறுநாள் காலையிலேயே ஹைரம் எட்சன் என்பவருக்குப் புது விளக்கம் கிடைத்தது: நாள் சரி, நடந்த இடம்தான் வேறு, அது பரலோகத்தில் நடந்தது. இதை யார் போய்ச் சோதிப்பது! 16 வயதில் அந்த நாளுக்காகக் காத்திருந்த எலன் ஒயிட்டும் மற்றவர்களும் சேர, 1863-ல் சபை முறையாக அமைந்தது.

நம்பிக்கைக்காக நிறைய இழந்தவர்களுக்கு, ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்வதைவிடப் புது விளக்கம் எளிது. அதே நம்பிக்கையோடு நாலு பேர் பக்கத்தில் இருந்தால் இன்னும் எளிது. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1956-ல் வெளிவந்த புத்தகத்தில் சொன்னது இதைத்தான். மில்லர் கூட்டமும் அதில் ஓர் உதாரணம். ஆனால் அது மட்டுமே 180 வருடம் தாங்காது. சபை அதன்பிறகு தேதியே குறிக்கவில்லை. வருகை சீக்கிரம் என்பதோடு நிறுத்திக்கொண்டு பள்ளி, மருத்துவமனை, சனிக்கிழமை ஆராதனை என்று அன்றாட வேலையில் இறங்கியது. 1893-ல் அதன் ஆட்கள் புத்தகம் விற்கச் சென்னையில் வந்து இறங்கினார்கள். இன்று உலகம் முழுக்க 2 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள்.

மில்லர்? கணக்கு தப்பியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எட்சனின் விளக்கத்தோடு அவர் போகவில்லை. சொந்த ஊர் பாப்டிஸ்ட் சபையும் அவரை நீக்கியது. பார்வை மங்கிய நிலையில் 1849 டிசம்பர் 20 அன்று இறந்தார். நியூயார்க் மாகாணத்தின் லோ ஹாம்ப்டனில் இருக்கும் அவர் வீட்டை இப்போது அட்வென்டிஸ்டுகள்தான் பராமரிக்கிறார்கள். அன்று அவர்கள் காத்திருந்ததாகச் சொல்லப்படும் பாறை, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.