ஒற்றையர் பட்டம் பூஜ்யம், விம்பிள்டன் பட்டங்கள் 19: ‘ஸ்லைஸ்’ ராணி எலிசபெத் ரயான் கதை

1979 ஜூலை 6. விம்பிள்டனில் மகளிர் ஒற்றையர் இறுதிப்போட்டி நாள். அந்த வளாகத்திலேயே 87 வயது மூதாட்டி ஒருவர் மயங்கி விழுந்தார். அன்றே இறந்தும் போனார். மறுநாள், 45 வருஷமாக யாராலும் தாண்ட முடியாமல் இருந்த அவருடைய சாதனை உடைந்தது.

அவர் பெயர் எலிசபெத் ரயான். விம்பிள்டனில் மட்டும் 19 பட்டங்கள் வென்றவர். இதில் 12 மகளிர் இரட்டையர், 7 கலப்பு இரட்டையர். ஒற்றையர்? ஒன்றுகூட இல்லை. விம்பிள்டனில் மட்டுமல்ல, எந்த கிராண்ட்ஸ்லாமிலும் இல்லை. இவ்வளவு ஜெயித்தவருக்கு அது மட்டும் ஏன் சிக்கவில்லை? பதில் அவருடைய கையில் இருந்த ஒரு ஷாட்டில்தான் இருக்கிறது.

வெட்டி விட்ட பந்து

ஸ்லைஸ் என்றதும் இன்றைய ரசிகர்களுக்கு ஆஷ்லி பார்ட்டி ஞாபகம் வருவார், கொஞ்சம் மூத்தவர்களுக்கு ஸ்டெஃபி கிராஃப். இருவருமே பேக்ஹேண்டில் ஸ்லைஸ் அடித்தவர்கள். ரயானோ ஃபோர்ஹேண்டையே அப்படித்தான் ஆடினார். அன்றைக்கு அதற்கு ‘சாப்’ என்று பெயர். மட்டையை மேலிருந்து கீழாக, பந்தின் அடிப்பக்கத்தை வெட்டுகிற மாதிரி இறக்குவது.

அப்படி வெட்டினால் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி மெதுவாக மிதந்து போகும். புல்தரையில் பட்டதும் எழும்பாது, வழுக்கிக்கொண்டு ஓடும். எதிரில் இருப்பவர் முழங்கால் மடக்கி, கீழிருந்து தோண்டித்தான் எடுக்க வேண்டும். தோண்டி எடுத்த பந்து வலைக்கு மேலே தூக்கலாக வரும். அதற்குள் ரயான் வலை அருகே வந்து நின்றிருப்பார். பந்து மெதுவாகப் போனதே அவர் ஓடி வருவதற்கான நேரம். மிச்ச வேலையை வாலி பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான வீராங்கனைகள் பேஸ்லைனை விட்டு நகராத காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

ரயான் 1892-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், அனாஹைமில் பிறந்தவர். 1912-ல் இங்கிலாந்து வந்தவர், வாழ்க்கையின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். 1914-ல் அகதா மார்ட்டனுடன் சேர்ந்து முதல் விம்பிள்டன் பட்டம். அடுத்த நான்கு வருஷம் போர், போட்டியே நடக்கவில்லை. 1919-ல் மறுபடி தொடங்கியபோது பிரான்ஸின் சுசான் லெங்லெனுடன் ஜோடி சேர்ந்தார். விம்பிள்டனில் ஆறு முறை பட்டம். அங்கே இந்த ஜோடி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

1926-ல் இந்த ஜோடி பிரிந்தது. பிரெஞ்சு வீராங்கனையோடுதான் ஆட வேண்டும் என்று லெங்லெனுக்கு அவர் நாட்டு டென்னிஸ் நிர்வாகத்திடமிருந்து நெருக்கடி வந்தது. டிடி விளாஸ்டோவுடன் களமிறங்கினார். முதல் சுற்றிலேயே எதிரில் வந்து நின்றது யார் தெரியுமா? ரயானும் மேரி பிரவுனும்! மேட்ச் பாயிண்ட் வரை போன லெங்லென் ஜோடியை மடக்கி, 3-6, 9-7, 6-2 என்று ஜெயித்த ரயான் ஜோடி பட்டத்தையும் தட்டிச் சென்றது.

ஒற்றையரில் என்ன சிக்கல்?

ஸ்லைஸ் எதிராளியைத் தடுமாற வைக்கும். ஆனால் அவருக்கு நேரமும் கொடுத்துவிடும். இரட்டையரில் அது பிரச்னையில்லை. பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், பாதி கோர்ட்டை அவர் பார்த்துக்கொள்வார். ஒற்றையரில் முழு கோர்ட்டும் திறந்து கிடக்கும். மெதுவாக வரும் பந்துக்குச் சரியாகப் போய் நிற்கத் தெரிந்தவர், வலைக்கு ஓடி வருபவரைத் தாண்டி அடித்துவிடலாம். லெங்லெனுக்கு அந்தத் துல்லியம் இருந்தது, ஹெலன் வில்ஸுக்கு வேகம் இருந்தது.

விம்பிள்டன் ஒற்றையர் இறுதிக்கு ரயான் இரண்டு முறை வந்தார். 1921-ல் லெங்லெனிடம் 6-2, 6-0. 1930-ல், 38 வயதில், தன்னைவிட 13 வயது இளையவரான வில்ஸிடம் 6-2, 6-2. கொடுமை என்னவென்றால், இரண்டு முறையும் எதிரில் நின்றவர் அந்த வருஷம் அவருடைய சொந்த இரட்டையர் ஜோடி. அவர்களோடு சேர்ந்து பட்டம் வாங்கினார், அவர்களிடமே தோற்றார்.

அதற்காக ஸ்லைஸ் ஒற்றையருக்கு உதவாத ஷாட் என்று ஒதுக்கிவிட முடியாது. 1924 காலிறுதியில் லெங்லெனிடமிருந்து ஒரு செட்டையே பறித்தார் ரயான். அந்த நாட்களில் அதுவே பெரிய செய்தி. 1926 அமெரிக்க சாம்பியன்ஷிப் இறுதியில் இன்னும் நெருங்கினார். மூன்றாவது செட்டில் 4-0 முன்னிலை. பிறகு ஒரு மேட்ச் பாயிண்ட்டும் கிடைத்தது. அதையும் தாண்டி அந்த செட்டை 9-7 என்று எடுத்துக்கொண்டு போனவர் மோலா மல்லோரி. அவருக்கு அப்போது வயது 42! ஒரே ஒரு பாயிண்ட். அது விழுந்திருந்தால் ரயானைப் பற்றிய பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும்.

1934-ல் பிரான்ஸின் சிமோன் மாத்யூவுடன் சேர்ந்து 19-வது பட்டம் வென்றபோது ரயானுக்கு 42 வயது. அதன் பிறகு தொழில்முறைக்கு மாறி, டென்னிஸ் கற்றுக்கொடுத்தார். 1972-ல் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது.

1975-ல் பில்லி ஜீன் கிங் 19-ஐத் தொட்டார். இருபதாவது மட்டும் சுலபமாக வரவில்லை. இறுதிவரை வந்தும் கை நழுவியது. கடைசியில் 1979 ஜூலை 7 அன்று, மார்ட்டினா நவ்ராத்திலோவாவுடன் மகளிர் இரட்டையர் பட்டத்தை வென்று ரயானைத் தாண்டினார். அதைப் பார்க்க ரயான் இல்லை.

அன்று கிங்குடன் ஆடிய நவ்ராத்திலோவாவும் பிற்பாடு இருபதைத் தொட்டார். 2003-ல் கலப்பு இரட்டையரில், நம்ம லியாண்டர் பயஸ் ஜோடியாக! ஆனால் விம்பிள்டன் மகளிர் இரட்டையரில் 12 பட்டங்கள் என்ற ரயானின் கணக்கை கிங்கும் எட்டவில்லை, நவ்ராத்திலோவாவும் எட்டவில்லை.