ஈ. வெ. இராமசாமி

ஈ. வெ. இராமசாமி (செப்டம்பர் 17, 1879 – டிசம்பர் 24, 1973) தமிழகத்தின் சமூக சீர்திருத்தவாதி; சுயமரியாதை இயக்கத்தையும் திராவிடர் கழகத்தையும் தோற்றுவித்தவர். பெரியார் என்றும் தந்தை பெரியார் என்றும் அழைக்கப்படுகிறார். தம் இயக்கத்திற்குள் எழுந்த தீவிர சமதர்ம அணியை 1930களில் இவர் எதிர்கொண்ட விதம் இன்றளவும் விவாதிக்கப்படுகிறது.

இளமை

அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஈரோட்டில் வெங்கட்ட நாயக்கர் – சின்னத்தாய் அம்மாள் இணையருக்குப் பிறந்தார். சிறு வயதிலேயே படிப்பை விட்டுத் தந்தையின் வணிகத்தில் ஈடுபட்டார். நாகம்மையாரை மணந்தார். ஈரோடு நகரசபைத் தலைவராகப் பணியாற்றிய பின்னர் காங்கிரசில் சேர்ந்தார்.

காங்கிரசில்

1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் இவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் பங்கு கொண்டனர். 1924இல் வைக்கம் போராட்டத்தில் சிறை சென்றார். கட்சிக்குள் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை விடாது வலியுறுத்தினார். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் அத்தீர்மானம் ஏற்கப்படாததால் காங்கிரசை விட்டு விலகினார். அதே ஆண்டு மே மாதத்தில் இவர் தொடங்கியிருந்த குடி அரசு இதழ் சுயமரியாதை இயக்கத்தின் குரலாயிற்று.

ஈரோட்டுத் திட்டம்

1931 டிசம்பரில் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்ட இவர், சோவியத் ஒன்றியத்தில் சில மாதங்கள் தங்கியிருந்து, 1932 நவம்பரில் திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பர் 28, 29 ஆகிய நாட்களில் ஈரோட்டில் தம் இல்லத்தில் தொண்டர்களைக் கூட்டினார். ம. சிங்காரவேலர் வகுத்த வேலைத்திட்டம் அங்கு விவாதிக்கப்பட்டது. தொடர்வண்டி, வங்கி, கப்பல் ஆகியவற்றையும் நிலங்களையும் பொதுவுடைமையாக்குதல், குடியானவர் கடனை நீக்குதல் முதலியன அதில் அடங்கும். இது ஈரோட்டுத் திட்டம் எனப்படுகிறது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார், டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் போன்ற செல்வர்களும் இயக்கத்தின் ஆதரவாளர்களாக இருந்தனர். எனவே சாதி ஒழிப்பை ஏற்றோர் அனைவரும் சொத்துடைமை ஒழிப்பையும் ஏற்கும் நிலை இல்லை. இயக்கத்தை உடைக்காமல் இருக்க, சுயமரியாதைப் பணிக்கு ஓர் அமைப்பும் அரசியலுக்குச் சமதர்மக் கட்சியும் எனத் தனித்தனியே செயல்பட முடிவு செய்யப்பட்டது.

அடக்குமுறையும் பிளவும்

1933 அக்டோபரில் குடி அரசில் ஆட்சியைச் சாடி வெளியான தலையங்கத்திற்காக இவர் மீதும், வெளியீட்டாளரான கண்ணம்மாள் மீதும் அரச நிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. கோயம்புத்தூரில் நடந்த விசாரணையின் முடிவில் இவருக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1934 சூலையில் பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டது. அடுத்து, பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' நூலை மொழிபெயர்த்த ப. ஜீவானந்தமும், அதை வெளியிட்ட ஈ. வெ. கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டனர். பெரியாரின் யோசனைப்படி இருவரும் வருத்தம் தெரிவித்து விடுதலை பெற்றனர்.

1935இல் சமதர்மப் பிரச்சாரத்தை நிறுத்திக்கொள்வதாகப் பெரியார் அறிவித்தார். அரசின் அடக்குமுறையால் இயக்கமே அழிந்தால் சாதி ஒழிப்புப் பணியும் நின்றுவிடும் என்பது இவர் நிலைப்பாடு. நீதிக்கட்சியை ஆதரித்ததையும் இம்முடிவையும் ஜீவானந்தம் முதலானோர் எதிர்த்தனர். 1936இல் அவர்கள் பிரிந்து தனிக் கட்சி கண்டனர். பின்னர் காங்கிரசு சமதர்மக் கட்சியில் இணைந்தனர்.

திராவிடர் கழகமும் போராட்ட முறையும்

1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறையிலிருந்தபோதே நீதிக்கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1944 ஆகத்து 27இல் சேலம் மாநாட்டில் அக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. 1949இல் கா. ந. அண்ணாதுரை பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார்.

கடுமையான கருத்துகளையும் அதிர்ச்சியூட்டும் போராட்டங்களையும் கையாண்டபோதும், வன்முறையைத் தொண்டர்களுக்கு இவர் அனுமதிக்கவில்லை. 1953இல் பிள்ளையார் உருவங்களை உடைக்கும் போராட்டத்தில் களிமண் பொம்மைகளே உடைக்கப்பட்டன. 1957இல் அரசியலமைப்புச் சட்டத்தின் சாதி தொடர்பான பகுதிகளை எரித்த தொண்டர்கள் சிறைத் தண்டனையை ஏற்றனர். 1965 பெப்ரவரியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது திருப்பூரில் இரு காவல் துறை உதவி ஆய்வாளர்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்தித் திணிப்பை முன்னர் எதிர்த்துச் சிறை சென்ற பெரியார், இக்கிளர்ச்சியின் வன்முறையை வெளிப்படையாகக் கண்டித்தார்.

மதிப்பீடு

1935ஆம் ஆண்டு முடிவைப் பின்வாங்கல் என இடதுசாரிகள் விமர்சிக்கின்றனர். செல்வந்தர்களின் ஆதரவைக் காக்கவே உழைப்பாளர் நலன் கைவிடப்பட்டது என்பது அவர்கள் வாதம். இயக்கத்தைத் தடையிலிருந்து காத்ததாலேயே பிற்காலப் போராட்டங்கள் இயன்றன என்பர் ஆதரவாளர். இவ்விலகலால் இயக்கம் ஆற்றல்மிக்க இளைஞர் பலரை இழந்தது. எனினும் சமதர்மம் குறித்த நூல்களை முதன்முதலில் தமிழில் பரப்பியவற்றுள் குடி அரசும் ஒன்று என்பதை இரு தரப்பினரும் ஏற்கின்றனர்.

மறைவு

பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று வேலூரில் காலமானார். உடல் சென்னை பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பிறந்த மண்ணின் ஈரோடு மாவட்டம் சில காலம் பெரியார் மாவட்டம் என வழங்கப்பட்டது.