நுரை ஏன் பொங்கி வழியுது? பீர் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்த லூயி பாஸ்டரின் கதை

ராமேஸ்வரம் தீவில் அக்காள்மடம், தங்கச்சிமடம் பக்கம் போனால் மணலில் பனைமரங்கள் நிற்பதைப் பார்க்கலாம். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிப்பான சாறு சொட்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே சாறு. அப்புறம் எப்படி இந்த வித்தியாசம்?

சுண்ணாம்பு தடவினால் பொங்காது என்பது பனையேறிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஆனா, பொங்க வைப்பது எது? அதற்கு நுண்ணோக்கி வழியாகப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் பிரான்ஸின் லூயி பாஸ்டர். ரேபிஸ் தடுப்பூசி கண்டுபிடித்த அதே பாஸ்டர்தான்!

யார் இந்த பாஸ்டர்?

1822 டிசம்பர் 27-ல் பிரான்ஸின் டோல் நகரில் பிறந்தவர். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி. படித்தது வேதியியல், டாக்டருக்குப் படிக்கவே இல்லை. 1854-ல் லீல் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பீட்ரூட்டிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் ஆலைகள் அந்த ஊரில் அதிகம்.

1856-ல் ஒரு மாணவரின் அப்பா உதவி கேட்டு வந்தார். அவருடைய ஆலையில் சில தொட்டிகள் நல்லா நொதிக்குது, சில தொட்டிகள் புளிச்சுப் போகுது. காரணம் புரியவில்லை. பாஸ்டர் இரண்டு தொட்டிகளிலிருந்தும் சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் செல்கள். கெட்டதில் நீளநீளமான வேறு உயிர்கள்.

நொதித்தல் என்பது வெறும் ரசாயன மாற்றம், அழுகலின் ஒரு வகை என்று ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர் லீபிக் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இல்லை, உயிருள்ள ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாழும் வேலைதான் இது என்று பாஸ்டர் வாதாடினார். அந்தச் சண்டை பல வருஷம் ஓடியது.

போர் முடிந்தது, பீர் ஆராய்ச்சி தொடங்கியது

இடையில் அவருடைய வீட்டில் அடிமேல் அடி. 5 குழந்தைகளில் 3 பேர் சின்ன வயசிலேயே இறந்தார்கள். அதில் 2 பெண்களைக் கொண்டுபோனது டைஃபாய்டு. 1868-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் பாதித்தது. வயசு 45தான்.

1870-ல் தொடங்கிய போரில் பிரான்ஸ், ஜெர்மானியர்களிடம் தோற்றது. ஜெர்மன் பீரை மிஞ்சும் பீரை பிரான்ஸில் காய்ச்ச வேண்டும் என்ற வேகத்தில் பாஸ்டர் பீர் ஆராய்ச்சியில் இறங்கினார். 1871-ல் லண்டனின் விட்பிரெட் ஆலைக்குப் போய், அவர்களுடைய ஈஸ்டில் வேண்டாத கிருமிகள் கலந்திருப்பதை நுண்ணோக்கியில் காட்டினார். சீக்கிரமே அந்த ஆலை சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கிவிட்டது. 1876-ல் பீர் பற்றிய அவருடைய புத்தகம் வெளியானது.

சரி, அளவுக்கு மீறி ஏன் பொங்குது?

ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. அந்த வாயுதான் நுரை. கூடவே சூடும் வெளியாகும். சூடு ஏறினால் ஈஸ்ட் இன்னும் வேகமாக வேலை செய்யும். அதனால் இன்னும் சூடு. இப்படியே போனால் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். வேண்டாத வாடையும் ஏறிவிடும்.

பாஸ்டர் இன்னொன்றையும் கவனித்தார். காற்று கிடைத்தால் ஈஸ்ட் வேகமாகப் பெருகும், ஆல்கஹால் குறைவாகத் தரும். காற்று இல்லாவிட்டால் பெருக்கம் குறையும், ஆல்கஹால் கூடும். அதனால்தான் பீர் காய்ச்சுபவர்கள் தொடக்கத்தில் மட்டும் காற்றைக் கலந்துவிட்டு, பிறகு அடைக்கிறார்கள்.

வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில் இன்றும் செய்வது இதைத்தான்: பாத்திரத்தின் மேலே தாராளமாக இடம் விடுவது, ஈரத்துணியோ குளிர்ந்த நீரோ வைத்துச் சூட்டைக் குறைப்பது, தடிமனான குழாய் போட்டு அதன் நுனியைத் தண்ணீரில் மூழ்க வைத்து வாயுவையும் நுரையையும் வெளியேற்றுவது. பொங்குதே என்று மூடியை இறுக்கினால் ஆபத்து. வாயு போக வழியில்லாமல் பாத்திரமே வெடிக்கலாம். (தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கள் இறக்கவும் தடை இருக்கிறது.)

அக்காள்மடத்துக் கலயத்துக்கும் விடை இதுதான். ஈஸ்டுக்குப் பிடித்தது லேசான புளிப்பு. சுண்ணாம்பு அதற்கு நேர் எதிர். அந்தச் சூழலில் ஈஸ்டால் பெருக முடியாது, சாறு இனிப்பாகவே நிற்கும்.

பீப்பாயிலிருந்து தடுப்பூசிக்கு

பீரைக் கெடுப்பது வெளியிலிருந்து வரும் கிருமி என்றால், மனித உடம்பைக் கெடுப்பதும் கிருமியாக இருக்கலாமே? இந்தக் கேள்விதான் பாஸ்டரை மருத்துவத்துக்கு இழுத்துப்போனது. 1885 ஜூலை 6-ல், வெறிநாய் கடித்த 9 வயது ஜோசப் மைஸ்டருக்கு ரேபிஸ் தடுப்பூசி போடத் தொடங்கினார். சிறுவன் பிழைத்தான். 1888-ல் பாரீஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28-ல் அவர் இறந்தார். 12 வருஷம் கழித்து, 1907-ல், நம்ம குன்னூரிலும் அவர் பெயரில் ஒரு நிறுவனம் வந்தது. நாய்க்கடிக்குச் சிகிச்சை தரத்தான் அது தொடங்கப்பட்டது.

கோடை ராத்திரியில் உங்க வீட்டு இட்லி மாவு வழிந்தாலும் கணக்கு ஒன்றுதான்: உள்ளே இருப்பது உயிர், அதற்குச் சூடு கூடிவிட்டது. பெரிய பாத்திரத்துக்கு மாற்றுங்க, குளிர்ச்சியான இடத்தில் வையுங்க.