பொம்மை விமானத்தில் போருக்குப் போன சீமான்

1969-ம் ஆண்டு மே 22-ந் தேதி. நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட் விமான நிலையத்தை நோக்கி ஐந்து குட்டி விமானங்கள் மர உச்சிகளை உரசுவதுபோல் பறந்து வந்தன. ஓய்வு நாளில் உல்லாசமாகப் பறக்கவும், பறக்கப் பழகவும் செய்யப்பட்ட விமானங்கள் அவை. நுனிக்கு நுனி இறக்கையின் அகலம் ஏழரை மீட்டருக்கும் குறைவு. இன்ஜினின் பலம் 100 குதிரைச் சக்திதான்.

ஆனால் ஒவ்வொன்றின் இறக்கைகளுக்கு அடியிலும் 12 ராக்கெட்டுகள் இருந்தன. முதல் விமானத்தை ஓட்டி வந்தவர் அறுபதை நெருங்கிய ஒரு ஸ்வீடன் நாட்டுச் சீமான். அதற்கு முந்திய ஆண்டு, அதே போரில் பசித்தவர்களுக்கு உணவு கொண்டு போனவர் அவர். அவர் பெயர் கார்ல் குஸ்தாவ் வான் ரோசன்.

உணவு சுமந்த கை ஏன் ராக்கெட்டைத் தொட்டது? அதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

மாளிகையில் வந்திறங்கிய விருந்தாளி

1909-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி பிறந்தார் வான் ரோசன். தந்தை எரிக் வான் ரோசன் பெரும் செல்வந்தர். தூர தேசங்களைச் சுற்றி ஆராய்ந்தவர். 1918-ல் பின்லாந்து நாட்டுக்கு ஒரு விமானத்தைப் பரிசளித்தார். பின்லாந்தின் விமானப்படை அந்த ஒரு விமானத்தில்தான் பிறந்தது.

1920-ல் ஒரு பனிக்காலத்தில், எரிக் பிரபுவை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து ராக்கல்ஸ்டாட் மாளிகையருகே இறங்கினார் ஒரு ஜெர்மன் விமானி. அவர்தான் ஹெர்மன் கோயரிங். பிற்காலத்தில் ஹிட்லரின் விமானப்படைத் தலைவரானவர்! அந்த மாளிகையில் எரிக் பிரபுவின் மைத்துனி காரினைக் கண்டு காதல் கொண்டார், பிறகு மணந்தார். இப்படி நாஜித் தலைவர் ஒருவர், சிறுவன் கார்லுக்குச் சித்தியின் கணவரானார். இந்த உறவு பின்னாளில் அவருக்குப் பெரும் தடையாக வந்து நின்றது.

காயம்பட்டவர்களின் விமானி

வாலிபத்தில் விமான வித்தைகள் காட்டித் திரிந்தார் கார்ல். 1935-ல் முசோலினியின் படை அபிசீனியாவுக்குள் புகுந்தது. விஷப் புகை வீசப்பட்டது. ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் விமானத்தை ஓட்ட முன்வந்தார் அவர். சரியான விமானத்தளம் இல்லாத மலைநாட்டில் இறங்கி, காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றார். ஆயுதம் இல்லாத மக்கள் மீது வானிலிருந்து சாவு விழுவதை அங்கே நேரில் கண்டார்.

பிறகு ஹாலந்தின் கே.எல்.எம். கம்பெனியில் பயணி விமானம் ஓட்டினார். 1939-ல் ரஷ்யா பின்லாந்தைத் தாக்கியது. தந்தை பரிசளித்தது ஒரு விமானம். மகனோ தாமே போருக்குப் புறப்பட்டார். டி.சி.-2 என்ற பயணி விமானம் ஒன்றைக் கொண்டு போய்ச் சேர்த்தார். அதில் குண்டு மாட்டும் கொக்கிகளும் துப்பாக்கியும் பொருத்தப்பட்டன. பயணி விமானம் குண்டு வீச்சு விமானமாயிற்று! 1940-ல் அதில் பறந்து ரஷ்யத் தளத்தின் மீது குண்டு போட்டார்.

உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர விரும்பினார். கோயரிங்கின் உறவினர் என்பதால் இடம் கிடைக்கவில்லை. போர் முடிந்ததும் மீண்டும் அபிசீனியா போனார். 1956 வரை சக்கரவர்த்தி ஹெயிலி செலாஸியின் விமானப்படையைப் பயிற்றுவித்து வளர்த்தார்.

பசியும் ராக்கெட்டும்

1967-ல் நைஜீரியாவின் கிழக்குப் பகுதி பயாப்ரா என்ற பெயரில் தனி நாடாகப் பிரிந்தது. போர் மூண்டது. துறைமுகங்கள் கைவிட்டுப் போயின. முற்றுகையால் உணவு வரத்து நின்றது. வயிறு உப்பி, கை கால் குச்சியான குழந்தைகளின் படங்கள் உலகத்தையே உலுக்கின.

1968 ஆகஸ்டில், விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பயமுறுத்திக்கொண்டிருந்த வேளையில், தாழப் பறந்து ஊலி என்ற இடத்துக்கு உணவு கொண்டு போனார் வான் ரோசன். சாலையையே ஓடுபாதையாக்கிய தளம் அது. அவர் காட்டிய வழியில் மற்ற நிவாரண விமானங்களும் போயின. ஆனால் நைஜீரியாவின் போர் விமானங்கள் ஊர்கள் மீதும் சந்தைகள் மீதும் குண்டு வீசுவது நிற்கவில்லை. உணவு மட்டும் போதாது, அந்த விமானங்களைத் தரையிலேயே அழிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார் அவர்.

ஸ்வீடனின் மால்மோ நகரில் தயாரான எம்.எப்.ஐ.-9பி விமானங்கள் ஐந்து வாங்கப்பட்டன. காபோன் நாட்டில் அவற்றுக்குப் பச்சை வர்ணம் பூசி, பிரெஞ்சு ராக்கெட்டுகளைப் பொருத்தினார்கள். மூன்று ஸ்வீடன் விமானிகள், இரண்டு பயாப்ரா விமானிகள். வேகம் குறைவுதான். ஆனால் மர மட்டத்தில் வருகிற சிறு விமானத்தைத் தூரத்தில் யாரும் காண முடியாது. கண்ட பிறகு சுட நேரமும் இராது. புல்தரையில் இறங்கும், மர நிழலில் ஒளிந்துகொள்ளும். விமானத்தையே குறிபார்த்துத் திருப்பி ராக்கெட்டை விட வேண்டும், அவ்வளவே.

போர்ட் ஹார்கோர்ட்டை அடுத்து பெனின், எனுகு விமான நிலையங்களும், உகெல்லி மின்சார நிலையமும் தாக்கப்பட்டன. பயாப்ராவின் குழந்தைகள் என்று இந்த விமானங்களுக்குப் பெயர் வந்தது. அழிந்த விமானங்களின் கணக்கை இரு தரப்பும் இரு விதமாகச் சொன்னார்கள். மே மாதம் முடியும் தறுவாயில் வான் ரோசன் ஊர் திரும்பினார்.

ஆனால் கணக்கு அத்துடன் தீரவில்லை. ஜூன் 5-ந் தேதி செஞ்சிலுவைச் சங்கத்தின் நிவாரண விமானம் ஒன்றை நைஜீரியப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த அனைவரும் மாண்டனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் இரவு விமானங்கள் நின்றன. ராக்கெட் தாக்குதலுக்குப் பழி இது என்று பலர் கருதினார்கள். உணவுப் பாதையைக் காக்கப் போனவரே அந்தப் பாதை அடைபடக் காரணமானாரோ என்ற கேள்வி அவரை விட்டு அகலவில்லை. 1970 ஜனவரியில் பயாப்ரா சரணடைந்தது.

கடைசிப் பயணம்

1974-ல் அபிசீனியாவில், அதாவது எத்தியோப்பியாவில், கொடிய பஞ்சம். வான் ரோசன் மீண்டும் அங்கே போனார். அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்.எப்.ஐ.-15 என்ற சிறு விமானங்கள், அதே தாழ்ந்த பறத்தல், அதே குறி. ஆனால் இந்தத் தடவை இறக்கையின் கீழே தொங்கியவை உணவு மூட்டைகள். சாலையே இல்லாத மலைக் கிராமங்களில் அவை விழுந்தன.

1977 ஜூலை 13-ந் தேதி, நிவாரண வேலையாக கோடே என்ற ஊரில் இருந்தபோது, சோமாலியப் படையினர் தாக்கினார்கள். ஆயுள் முழுவதும் வானத்தில் ஆபத்தோடு விளையாடியவர் தரையில் உயிரிழந்தார். வயது 67. எந்த நாட்டு மக்களுக்காக முதன் முதலில் ஆம்புலன்ஸ் விமானம் ஓட்டினாரோ, அந்த நாட்டின் தலைநகரான அடிஸ் அபாபாவில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

ராக்கெட் மாட்டிய கொக்கியிலேயே சோற்று மூட்டையையும் மாட்டலாம். எதை மாட்டுவது என்பதை விமானம் தீர்மானிப்பதில்லை, மனிதன்தான் தீர்மானிக்கிறான். வான் ரோசன் இரண்டையும் மாட்டினார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது மூட்டையைத்தான்.